ஒரு மெட்டும் பல பெயரும்

பாட்டென்பது யாது என்று வினவின், சொல்லே என்பார் சிலர். இசையே என்பார் சிலர். பாடுவோர் குரலே என்பார் பிறர். மூன்றும் கூடியவிடத்தே பாட்டுப் பிறக்கின்றது என்பது சிறு பிள்ளையும் அறிந்தது. ஆயினும், பாட்டைப் பாராட்டுங்கால் அம்மூன்றற்கும் உரியாரை ஒப்ப நினைக்கின்றோமா? பாடியவரை அறிவோம்; சொல்லை யாத்தவரைச் சிற்சில வேளை அறிவோம்; மெட்டை அமைத்தவரையும், அதனைத் தவிலிலும் ஆர்மோனியத்திலும் தாங்கி நின்றவரையும் அறவே மறந்துவிடுகின்றோம். ஒருவர் அமைத்த மெட்டிற்குப் பலர் பாட்டெழுதுதல் இழிவன்று. அம்மெட்டிற்கு உரியார் பெயரை விழுங்குதலே இழிவு என்பது எமது துணிபு. இதனை நிறுவுதற்குத் தூரதேசத்து வழக்கமொன்றும், நம் காவிரி நாட்டு வழக்கங்கள் சிலவும் ஈண்டுத் துணையாக வரும்.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய ஜமைக்காவில் டான்ஸ்ஹால் என்றொரு சங்கீதம் வழங்குகின்றது. கிங்ஸ்டன் நகரத்து ஏழை மக்கள் கூடியாடும் நடனக்கூடங்களில் 1970-களின் இறுதியில் உருப்பெற்றமையின் அப்பெயர் பெற்றது. அதற்கு உயிர்நாடியாவது ‘ரிடிம்’. ரிதம் என்னும் ஆங்கிலச் சொல் அத்தீவினர் நாவில் அங்ஙனம் திரிந்தது. முழவும் தாழ்ந்த நரம்பொலியும் கூடி ஓயாது சுழலும் ஓர் இசைக்கட்டு அது. சொல் அதன்கண் இல்லை. ஒருவர் அதனை அமைத்துப் பதிவு செய்வர். பின்னர்ப் பத்துப் பேரோ இருபது பேரோ, அவ்வொன்றன்மேலேயே தத்தம் சொல்லைத் தத்தம் குரலிற் பாடிப் பதிவர். அவையனைத்தும் ஒருங்கு தொகுக்கப்பட்டு ஓர் இசைத்தட்டாக வெளிவருதலும் உண்டு. அத்தகைய தொகுப்பின் முகப்பிற் பெரிதாக நிற்பது பாடகர் ஒருவர் பெயரன்று, ரிடிமின் பெயரே. பாடகர் பெயர்கள் அதன்கீழ் வரிசையாக நிற்கும்.

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. 1974-ஆம் ஆண்டிலேயே ரூப்பி எட்வர்ட்ஸ் என்பார், ஒரே இசைக்கட்டின்மேற் பலர் செய்த பாட்டுக்களை ‘யமஹா ஸ்காங்க்’ என்னும் ஒரே தட்டிற் சேர்த்து வெளியிட்டார். 1985-இல் வெய்ன் ஸ்மித் என்னும் இளைஞர் பாட, கிங் ஜாமி என்பார் வெளியிட்ட ‘ஸ்லெங் டெங்’ என்னும் ரிடிமோ அத்தீவின் சங்கீதப் போக்கையே மாற்றியது. அதன் அடிப்படை, காசியோ என்னும் ஜப்பானியக் கம்பெனியார் 1981-இல் வெளியிட்ட சிறு மின்விசைப்பலகை ஒன்றனுள் முன்னரே பதிந்துவைத்திருந்த தாளக்கட்டாகும். ஒரு பொத்தானை அழுத்த, அது தானே ஒலித்தது. அதன்மேற் பாடப்பட்ட பாட்டுக்கள் பற்பல. அவற்றைப் பாடியோர் புகழ் பெற்றனர். ஆயின் அத்தாளக்கட்டை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா என்னும் இளம்பெண் என்பதனை உலகம் நெடுங்காலம் கேட்கவே இல்லை. கலாசாலையிற் சங்கீதம் பயின்று, ஜமைக்கா இசையையே தம் ஆராய்ச்சிக்குப் பொருளாகக் கொண்டு, பட்டம் பெற்றவுடன் அக்கம்பெனியிற் சேர்ந்தவர் அவர். இயந்திரம் பாடியது என்றே மக்கள் எண்ணினர். இயந்திரத்தினுள் ஒரு மனுஷியின் செவியும் கையும் இருந்தன.

2002-ஆம் ஆண்டில் ‘தீபாவளி’ என்றே பெயரிய ரிடிம் ஒன்று அங்கு வெளிப்பட்டது. கைகொட்டும் ஒலியே மிக்கதாய் அமைந்த அதனை ஆக்கியவர் லெங்கி எனப்படும் ஸ்டீவன் மார்ஸ்டன். அவ்வொரு கட்டின்மேல் ஷான் பால் ஆடற்கழைக்கும் பாட்டொன்று பாடினார். 2003-இல் அஃது அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பாடல் வரிசையில் முதலிடம் எய்தியது. அதன்மேலேயே வெய்ன் வொண்டர் மெல்லிய காதற்பாட்டொன்று பாடினார். அதன்மேலேயே பவுண்டி கில்லர் என்பார் துன்புறும் ஏழையின் குரலை எடுத்துரைத்தார். நியூயார்க் நகரத்து லுமிடி என்னும் பெண்ணும் அதனையே கொண்டு பாடிப் புகழ் பெற்றார். களிப்பும் காதலும் வறுமையும் ஒரே தாளத்தில் அடங்கின. கேட்போர் எவரும் ‘இஃது அவர் பாட்டன்றோ’ என்று ஒருவரையொருவர் பழித்திலர். ஒரே களத்தில் யார் யாது செய்கின்றார் என்று ஒப்பிட்டு மகிழ்ந்தனர்.

அத்தீவில் நம் திருநாளின் பெயர் எங்ஙனம் வந்தது என்று அன்பர்கள் வியத்தல் கூடும். இந்தியத் தொழிலாளரை ஏற்றிய முதற் கப்பல் ஜமைக்காவை அடைந்தது 1845-ஆம் ஆண்டு மே மாதத்தில். 1917-இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்படுமுன் அங்குச் சென்றோர் 36,000 பேருக்கும் மேலாவர். பெரும்பாலார் கல்கத்தாத் துறையினின்றும், சிலர் சென்னைத் துறையினின்றும் கப்பலேறினர். 2004-இல் நினா ஸ்கை என்னும் இரட்டைச் சகோதரியரும் பிட்புல் என்பாரும் பாடிப் பரப்பிய மற்றொரு ரிடிமின் பெயர் ‘கூலி டான்ஸ்’. கூலி என்பது நம் வயல்வெளிகளில் இன்றும் நாள்தோறும் ஒலிக்குஞ் சொல். கடல் கடந்து வசைச்சொல்லாகி, பின் ஒரு தாளத்திற்குப் பெயராகி நின்றது அச்சொல்; அதனைச் சுமந்து சென்ற மக்கள் பெயரோ கப்பற் கணக்குகளில் மட்டுமே கிடக்கின்றது. இதனை நினையுந்தோறும் எம் நெஞ்சம் நோகின்றது.

நிற்க. ஒரு மெட்டிற்குப் பல பாட்டு என்பது ஜமைக்காவிற்கே உரிய புதுமையென்று கருதுவோர் தம் வீட்டு வாயிலை நோக்காதவராவர். தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணம் இருபதென வகுத்தார். அவை பாட்டின் ஓசை நடையைப் பற்றியன. தேவாரத் திருப்பதிகங்களைப் பண்ணால் வகுத்த நம் முன்னோர், ஒவ்வொரு பண்ணின்கீழும் கட்டளை என்னும் ஓசை அச்சால் மேலும் பிரித்தனர். ஒரே கட்டளையில் வெவ்வேறு தலங்களைப் பாடிய பதிகங்கள் பலவுள. அரசனை வாழ்த்தும் ஆங்கில மெட்டிற்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றியவர் வேறெவருமல்லர். திருவாரூரிற் பிறந்த முத்துசாமி தீட்சிதரே. சென்னைக் கோட்டைப் பட்டாளத்துப் பாண்டு வாத்தியக்காரர் வாசித்த மேனாட்டு மெட்டுக்களைக் கேட்டு, அவர் ஏறத்தாழ 40 நொட்டுஸ்வர சாகித்தியங்கள் செய்தனர். சிறுவர்க்கு இன்றும் அவை கற்பிக்கப்படுகின்றன. தீட்சிதர் திருடினார் என்று சொல்லும் நா ஒன்று உண்டோ?

இன்னுஞ் சிறந்த உதாரணம் நம் காவிரிக்கரையிலேயே உளது. நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்திற் பிறந்து, மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றினார். நொண்டிச்சிந்து முதலாகப் பொதுமக்கள் வாயில் வழங்கிய மெட்டுக்களையும் அவர் அதனுட் புகுத்தினார். சிதம்பரம் காண விழைந்த பண்ணையாள் நந்தனை நிலக்கிழவர் ஏளனஞ் செய்யும் பாட்டொன்று அதிலுண்டு. அப்பாட்டின் வர்ணமெட்டையே சுப்பிரமணிய பாரதியார் எடுத்து, விடுதலை வேண்டிய தொண்டனை ஆங்கில உத்தியோகஸ்தன் ஏளனஞ் செய்வதாகப் புதுப்பாட்டெழுதினார். இன்ன பாட்டின் மெட்டென்று தலைப்பிலேயே குறித்தும் வைத்தார். இதன் பயன் யாது? அம்மெட்டைக் கேட்டவர் நெஞ்சில் நந்தன் நிற்பான். ‘பண்ணையாளை நீ ஏசியது போலவே உன்னை அன்னியன் ஏசுகின்றான்’ என்று, சொல்லாமற் சொல்லியது மெட்டு. புது மெட்டு ஒன்று செய்திருப்பின் இப்பொருள் பிறந்திராது. மெட்டிற்கும் நினைவு உண்டு. கடன் வாங்கினேன் என்று வாய்திறந்து சொன்னமையாலேதான் அந்நினைவு பாரதியார் பாட்டிற்கு வலிமை தந்தது.

இனி, எமது கருத்தை மறுப்போர் கூற்றுக்களை ஆராய்வாம். முதற்கண், ‘பிறர் மெட்டிற்கு எழுதுதல் சோம்பேறியின் தொழில், சொந்தக் கற்பனை இல்லாதவன் வழி’ என்பர் எம்மோடு பயில்வோர் சிலர். வெண்பா யாப்பதற்கு வெண்பாவின் அமைப்பைப் புதிதாகக் கண்டுபிடித்தல் வேண்டுமோ? பலர் நடந்த வழியில் தன் நடையைக் காட்டுதல் எளிதன்று. ஒரே ரிடிமின்மேல் இருபதுபேர் பாடுங்கால், இருபதாமவர் எதனால் நினைக்கப்படுவார்? மெட்டினால் அன்று, தம் சொல்லினாலும் குரலினாலுமே. மெட்டு ஒன்றாயிருத்தல் சோம்பலுக்கு மறைவிடமாகாது. சோம்பலை வெளிப்படுத்தும் உரைகல்லே ஆகும்.

இரண்டாவது, ‘இவ்விசை இழிந்தோர் இசை, அதன் சொற்கள் காமமும் வன்முறையும் நிறைந்தன, கல்லூரிப் பத்திரிகையில் அதனைப் பேசலாமோ?’ என்பர். டான்ஸ்ஹாற் பாட்டுக்கள் சிலவற்றில் நாவாற் சொல்லத்தகாத சொற்கள் உள என்பதும், சிலர்மீது கொலைவெறியைத் தூண்டும் சொற்களும் உள என்பதும் மெய்யே. அவற்றை யாம் போற்றவில்லை; அவற்றைப் பாடியோர் அதற்குப் பொறுப்பாளரே. ஆயின் சொல்லின் குற்றத்தை மெட்டின் தலையில் ஏற்றுதல் நீதியன்று. இவ்வழக்கு நம் தஞ்சையில் முன்னமே நடந்து தீர்ந்தது. குறவஞ்சி என்பது தலைவனை உலாவிற் கண்டு காதல்கொண்ட தலைவிக்குக் குறத்தி குறி கூறும் நாடகம். சிருங்காரமே அதன் சுவை. இரண்டாம் சரபோஜி மன்னர்மீது கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் ஒரு குறவஞ்சி பாட, அது பெரிய கோயில் திருவிழாவில் ஆடப்பெற்றது. அதே மன்னரோடு இளமையிற் பழகிய வேதநாயக சாஸ்திரியாரோ, அதே உருவை எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். காதலுற்ற தலைவி திருச்சபையானாள். குறி சொல்லும் குறத்தி விசுவாசமானாள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதிதாக வந்த மிஷனரிமார் சிலர், இத்தகைய தமிழ் இசை ஆலயத்திற்கு ஒவ்வாதென்றனர். சாஸ்திரியார் அஞ்சாது எதிர்த்தெழுதினார். 1774-இற் பிறந்து 1864-இல் மறைந்த அப்பெரியார் பாட்டுக்கள் இன்றும் நம் ஆலயங்களிற் பாடப்படுகின்றன. மறுத்தவர் பெயரை அறிவார் யார்? ஆகவே, கலம் யாருடையது என்று பாராது, அதில் வார்க்கப்படுவது யாது என்று பார்த்தலே அறிவுடைமை.

இதுகாறும் கூறியவாற்றால் மெட்டை எடுத்தாளுதல் இழிவன்றென்பது பெறப்பட்டது. இனி, எம் கருத்தின் மற்றைப் பாதியும் முதன்மையானதுமாகிய பெயர் என்பதனை எடுத்துக்கொள்வாம்.

பழந்தமிழர் இவ்விஷயத்தில் நம்மினும் நேர்மையுடையராயிருந்தனர். எட்டுத்தொகையுள் ஒன்றாகிய பரிபாடலை நோக்குக. உத்தமதானபுரத்து உ. வே. சாமிநாதையரவர்கள் அதனை 1918-இல் அச்சேற்றினார்கள். அந்நூலிற் பாட்டின் இறுதிதோறும் பாடினோர் பெயர், இசை வகுத்தோர் பெயர், பண்ணின் பெயர் என மூன்றும் குறிக்கும் வழக்கம் காணப்படுகின்றது. கடுவன் இளவெயினனார் பாட்டிற்குப் பெட்டனாகனார் இசை வகுத்தார் என்பதை இன்று நாம் அறிவது அக்குறிப்பினாலேயே. எட்டுத்தொகை நூல்களை யாம் மனனஞ் செய்கின்றோம், பரீட்சைக்கு எழுதுகின்றோம், ஆனால் அந்நூல் காட்டும் எளிய ஒழுக்கத்தைக் கைக்கொண்டிலோம். சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அத்தகையதே. மாதவி ஒருத்தியின் ஆடலைக் கூறவந்த இளங்கோவடிகள், ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் தகுதியையும் தனித்தனி வகுத்துரைத்தபின்னரே அவளை அரங்கில் ஏற்றுகின்றார். திருஞானசம்பந்தர் பதிகங்களை யாழில் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரும் நாயன்மார் அறுபத்துமூவருள் ஒருவராக வணங்கப்படுகின்றார். பக்கவாத்தியக்காரர் எனத் தள்ளப்பட்டிலர்.

தஞ்சைப் பெரிய கோயிற் கற்களை வாசித்தறிந்தோர் இதனினும் வியப்பான செய்தியைக் காண்பர். முதலாம் இராஜராஜன் தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கையாரும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுவித்தான். அதனோடு நின்றானல்லன். திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரரையும், அவர்க்கு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்து, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் வழங்கி, அவர் பெயர்களையும் பொறிப்பித்தான். பாடியவர்க்கும் மத்தளம் கொட்டியவர்க்கும் அளவு ஒன்றே. மற்றொரு சாசனத்தில், பல ஊர்க் கோயில்களினின்றும் தஞ்சைக்குக் கொணர்ந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், இன்ன தெரு, இன்ன சிறகு, இன்ன வீடு, இன்ன ஊரிலிருந்து வந்தவள் என்று ஒருவரும் விடாது எழுதப்பட்டுளர். ஒவ்வொருவர்க்கும் ஆண்டிற்கு 100 கலம் நெல் ஒரு பங்கு. அவர்பின் நட்டுவம் செய்வோர், வங்கியம் ஊதுவோர், வீணை வாசிப்போர், கணக்கர், தையற்காரர், நாவிதர் என வரிசை நீள்கின்றது. ஆயிரம் ஆண்டு கடந்த அக்கற்பட்டியலை ஒப்பது இன்று எந்த இசைத்தட்டின் உறையில் உண்டு?

பெயரைக் கல்லில் வெட்டியதனால் அப்பெண்டிர் யாவரும் உரிமையோடு வாழ்ந்தனர் என்று யாம் கூறவில்லை. விரும்பி வந்தாரோ, விதிக்கப்பட்டு வந்தாரோ, அதனைக் கல் சொல்லாது. ஆயினும் பெயர் எழுதப்பட்டமையாலன்றோ அவ்வினாவை இன்று நாம் எழுப்புதல் இயல்கின்றது? பெயரற்றவளைக் குறித்து நீதி கேட்பார் எவர்?

இந்நிலையை நம் காலத்தோடு ஒப்பிடுக. மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாளைக் கணக்கிட்டுத் திறக்கப்படுவது மரபு. நீர் வந்தவுடன் குறுவைக்கும், பின்னர்ச் சம்பாவிற்கும் தாளடிக்கும் நாற்று நடுவர். நடவு வயலில் ஒருத்தி எடுத்துக்கொடுக்க, மற்றையோர் குனிந்தவாறே வாங்கிப் பாடும் பாட்டுக்கள் நம் நாட்டுச் செல்வம். ஏற்றப்பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அங்ஙனமே. ஒரே மெட்டில் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுத் துயரையும், பண்ணையாரைப்பற்றிய கேலியையும், பிறந்த ஊரின் பெருமையையும் நிரப்பிப் பாடுவாள். ஜமைக்காவின் ரிடிம் என்பது இதுவன்றி வேறு யாது? அப்பாட்டுக்களைப் பாடியோர் பெரும்பாலும் தலித் பெண்டிர். நந்தன் மரபினர் என்று அவரைச் சொல்லலாம். அவர் மெட்டுக்கள் சினிமாவிற் புகுந்தன; மேடைகளிற் புகுந்தன; நம் கிறிஸ்தவ இசைவிழாக்களிலும் புகுந்தன. ஆனால் அச்சில் அவர்க்குக் கிடைத்தது ‘நாட்டுப்பாடல்’ என்னும் ஒற்றைச் சொல். நாடு பாடுவதில்லை, நாட்டில் வாழும் ஒருத்தியே பாடுகின்றாள். இப்பொழுது நடவு இயந்திரங்கள் வயலில் இறங்கிவிட்டன. குழுவாகக் குனிந்து பாடும் வேளை அருகிவருகின்றது. முதுகுநோவு குறைவது நன்றே. அதற்கு யாம் வருந்தவில்லை. ஆயின் பாட்டை எடுத்துக்கொடுத்தவள் பெயரைக் கேட்டு எழுதுதற்கும் காலம் குறைந்துவருகின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

‘சட்டம் உள்ளதே, அது பார்த்துக்கொள்ளாதோ?’ என்பார்க்கு ஒன்று கூறுவாம். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பாடலின் சொல்லையும், இசையமைப்பையும், ஒலிப்பதிவையும் தனித்தனி உரிமைகளாகக் கொள்கின்றது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை அவ்வுரிமை நிற்கும். 2012-இல் நிகழ்ந்த திருத்தம், சினிமாவிற்கு எழுதிய பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் பங்கூதியம் பெறும் உரிமையை உறுதி செய்தது. பாடியவர்க்கும் வாசித்தவர்க்கும் தம் பெயராற் குறிக்கப்படும் உரிமையையும் அளித்தது. நல்லதே. ஆயினும் சட்டம், இன்னார் ஆசிரியர் என்று காட்டக்கூடியவர்க்கே துணை நிற்கும். சேற்றில் நின்று பாடியவள் தன் மெட்டிற்கு எந்தப் பத்திரத்தைக் காட்டுவாள்? ஜமைக்காவிலும் ரிடிமிற்கு முழவும் நரம்பும் வாசித்தோர் பலர், ஒரு நாட் கூலியோடு அனுப்பப்பட்டதும், பின்னர் அவ்விசையின்மேற் பிறர் பொருளீட்டியதும் உண்டு. சட்டம் எட்டாதவிடத்தில் மரியாதை எட்டுதல் வேண்டும். பெயரைக் குறித்தற்கு நீதிமன்றம் வேண்டுவதில்லை. பேனா ஒன்று போதும்.

இறுதியாக ஒரு மறுப்புளது. அது நம்மவரிடமிருந்தே வருவது. ‘தேவனைத் துதிப்பதற்குப் பாடுகின்றோம், ஈண்டு மனிதர் பெயர் எதற்கு? பெயரை மறைத்தலே தாழ்மையன்றோ?’ என்பர். இக்கூற்று செவிக்கு இனிது. ஆயின் சிறிது ஆழ்ந்து நோக்குக. தன் பெயரைத் தானே மறைப்பவன் தாழ்மையுடையவன். பிறன் பெயரை மறைப்பவனுக்கு அப்பெயர் பொருந்துமோ? தவில்காரர் பெயரை விடுத்துவிட்டுத் தலைமை வகித்த கனவான் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சிடும் நிகழ்ச்சித்தாளில் தாழ்மை எங்கே உளது? தாழ்மை எப்பொழுதும் கீழுள்ளவர்க்கே விதிக்கப்படுமாயின், அது தாழ்மையன்று, தாழ்த்துதல். தஞ்சையில் வாழ்ந்து, தமிழிசை ஆராய்ச்சிக்குத் தம் பொருளையும் வாழ்நாளையும் செலவிட்டு, 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், பழைய சங்கீத வித்துவான்களின் பெயர்களை நீண்ட பட்டியலாகவே தம் நூலிற் சேர்த்தார். அவர் பக்தியில் நம்மினுங் குறைந்தவரல்லர்.

ஆகலின் எம் வேண்டுகோள் மூன்று. அவை பெரியனவல்ல, பொருட்செலவும் வேண்டாதன.

ஒன்று: கல்லூரி விழாவிலும் கிறிஸ்துமஸ் கீத ஆராதனையிலும் பாடப்படும் ஒவ்வொரு பாட்டின்கீழும், பாட்டு இன்னாருடையது, மெட்டு இன்னாருடையது அல்லது இன்ன பாட்டினது, பாடினோர் இன்னார், வாசித்தோர் இன்னார் என்று நிகழ்ச்சித்தாளில் அச்சிடுக. பரிபாடற்கு இடம் போதியதாயின், நம் தாளிற்கும் போதும்.

இரண்டு: இப்பத்திரிகையில் இனி வெளிவரும் இசைப்பாட்டுக்களுக்கு மெட்டுக்குறிப்பு இன்றியமையாததென விதிக்க. பிறர் மெட்டை எடுத்தவர் நாணவேண்டுவதில்லை. சொல்லாது எடுத்தவரே நாணுக. பாரதியார் சொன்னார், நமக்குச் சொல்ல நா எழாமை ஏன்?

மூன்று: தமிழ்ச் சங்கத்து மாணவர் விடுமுறைக்குத் தத்தம் ஊர் செல்லுங்கால், நடவுப்பாட்டும் ஒப்பாரியும் அறிந்த மூதாட்டியரிடம் அமர்ந்து கேட்டு எழுதுக. இக்காலத்தில் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி கைப்பேசியாக உளதே. பாட்டைப் பதியுமுன் பெயரைக் கேட்க. தம் பெயரையும் ஊரையும் வெளியிட அவர் இசைந்தாரோ என்பதனையும் கேட்க. யாரிடமிருந்து கற்றார் என்பதனையும் கேட்டெழுதுக. அறியக்கூடாதவிடத்துப் ‘பெயர் தெரியவில்லை’ என்றாவது எழுதுக. வெற்றிடம் விடுதல் வேறு. தேடியும் கிடைத்திலது என்று ஒப்புதல் வேறு. முன்னது மறதி, பின்னது மரியாதை.

தேவாரப் பண்கள் மறைந்த காலத்தில், திருஎருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியே அவற்றை மீள வகுத்துக்கொடுத்தாள் என்று திருமுறை கண்ட புராணம் உரைக்கும். மன்னன் பெயரும் நம்பியாண்டார் நம்பி பெயரும் எல்லார்க்கும் தெரியும். பண்ணை மீட்டவளோ பாணர் மரபிற் பெண் என்றே நிற்கின்றாள். அவள் வகுத்த பண்ணிற் பின்வந்தோர் எத்துணை நூற்றாண்டு பாடிவிட்டனர்! இனி வருவோரையேனும் அங்ஙனம் விட்டுவிடாதிருத்தல் நம் கையில் உளது. வரும் தை மாதத்து அறுவடை விடுமுறையில் எத்தனை பேர் எழுத்துக்கோலோடு வரப்பில் இறங்குவர் என்று பார்ப்போம்.